தேற்றம் தெரிகிறது, கணக்கு வரவில்லை – கணித வாசகர் கேள்வி–பதில்

கல்லூரியில் தூய கணிதம் படிப்பவர்கள், படிக்க நினைப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் ஆகியோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரியல் அனாலிசிஸ் தாளில் தேற்றங்களை வரி மாறாமல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன். ஆனால் பாட முடிவில் இருக்கும் பயிற்சிக் கணக்குகளில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. எங்கே தவறுகிறேன்?
– மாணவி, திருவாரூர்

பதில்: நிறுவலை மேலிருந்து கீழே ஒரு பத்தியாகப் படித்து மனத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். தேற்றத்தில் சொன்ன நிபந்தனைகளில் எது எந்த வரியில் வேலை செய்கிறது என்று பார்த்திருக்க மாட்டீர்கள். பயிற்சிக் கணக்குகள் கேட்பதெல்லாம் அதைத்தான்.

உங்கள் பாடத்திலேயே உள்ள ஒரு தேற்றத்தை எடுப்போம். 0, 1 இரண்டும் சேர்ந்த மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது, அதாவது அதன் அளவு ஏதோ ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டாது. நிறுவல் சிறியது. வரம்பில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1, 2, 3 என்று எந்த இயல் எண்ணைச் சொன்னாலும், சார்பின் அளவு அதைத் தாண்டும் ஒரு புள்ளி இடைவெளியில் கிடைக்கும். இந்தப் புள்ளிகள் ஒரு தொடர்முறை. போல்சானோ–வயர்ஸ்ட்ராஸ் தேற்றப்படி அதில் ஒருங்கும், அதாவது ஒரே எண்ணை நெருங்கிப் போகும், உட்தொடர்முறை ஒன்று உண்டு. அதன் எல்லை இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடத்தில் சார்பு தொடர்ச்சியானது என்பதால், உட்தொடர்முறையில் சார்பின் மதிப்புகள் ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கியாக வேண்டும். அவையோ எல்லா எண்ணையும் தாண்டிப் போகின்றன. முரண்பாடு.

இப்போது பென்சிலை எடுத்து ஓரத்தில் குறியுங்கள். இடைவெளியின் நீளம் முடிவுள்ளது என்பது எங்கே பயன்பட்டது? போல்சானோ–வயர்ஸ்ட்ராஸைக் கூப்பிட்ட வரியில். மூடிய இடைவெளி என்பது? எல்லை உள்ளேயே இருக்கிறது என்று சொன்ன வரியில். தொடர்ச்சி? கடைசிக்கு முந்தைய வரியில். அடுத்து ஒவ்வொரு நிபந்தனையாகப் பிடுங்கிப் பாருங்கள். மூடியது என்பதை எடுத்துவிட்டால், 0-ஐ விட்டுவிட்ட இடைவெளியில் 1/எக்ஸ் என்ற சார்பு வானுக்குப் போய்விடும். நீளம் முடிவுள்ளது என்பதை எடுத்தால், 0-இலிருந்து முடிவிலி வரை எக்ஸ் என்ற சார்பே போதும். தொடர்ச்சியை எடுத்தால், அதே 1/எக்ஸ்-க்கு 0-இல் மட்டும் 0 என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள், தேற்றம் உடைந்துவிடும்.

இன்னொரு நிபந்தனை கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. மெய்யெண்களுக்குப் பதிலாக விகிதமுறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, 0-க்கும் 1-க்கும் இடையே 1/(எக்ஸ்² − 1/2) என்ற சார்பைப் பாருங்கள். எந்த விகிதமுறு எண்ணின் வர்க்கமும் 1/2 ஆகாது. ஆகவே பகுதி எங்கும் பூஜ்யமாகாது, ஒவ்வொரு புள்ளியிலும் சார்பு தொடர்ச்சியாகவே இருக்கும். ஆனாலும் வரம்பில்லை. போல்சானோ–வயர்ஸ்ட்ராஸ் தேற்றம் மெய்யெண்களின் முழுமையை, அதாவது இடையில் ஓட்டை இல்லாத தன்மையை, நம்பி நிற்பது இங்கேதான் புரிகிறது.

ஒரு தேற்றத்துக்கு இப்படி ஒன்றரை மணி நேரம் போகும். போகட்டும். செமஸ்டருக்கு 15 தேற்றங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தவருக்குப் பயிற்சிக் கணக்கின் முதல் வரி எழுத வந்துவிடும். ஏனென்றால் பாதிக் கணக்குகள் “இந்த நிபந்தனையைத் தளர்த்தினால் என்ன ஆகும்” என்பதன் மறுவடிவங்களே. மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு, வெறும் தாளில் நிறுவலை உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதுங்கள். வரி மாறாமல் எழுதினால் அதற்குப் பயன் இல்லை.

கேள்வி: “நிறுவுக” என்று கணக்கு வந்தால் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: கழிவுத்தாளில் தொடங்க வேண்டும். அச்சிட்ட நிறுவலில் அந்தக் கழிவுத்தாள் காணாமல் போய்விடுவதால், எல்லோருக்கும் முதல் வரியே நேராக வந்து விழுகிறது என்ற பிரமை உண்டாகிறது. குலக் கோட்பாட்டிலிருந்து (குரூப் தியரி) ஒரு கணக்கைக் கழிவுத்தாளோடு சேர்த்தே போட்டுப் பார்ப்போம்.

லக்ராஞ்சு தேற்றம் தெரியும்: முடிவுள்ள குலத்தில் உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை, குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை வகுக்கும். மறுதலை உண்மையா? அதாவது 12 உறுப்புகள் கொண்ட குலத்தில் 6 உறுப்பு உட்குலம் இருந்தே தீருமா? கணக்கு இப்படிக் கேட்கிறது: நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டு பொருள்களை இடம் மாற்றுவதை இரட்டை எண்ணிக்கையில் செய்து கிடைப்பவை) அமைக்கும் குலத்தில், அதாவது வகுப்பில் ஏ-4 என்று சொல்லும் 12 உறுப்புக் குலத்தில், 6 உறுப்பு உட்குலம் கிடையாது என்று நிறுவுக.

கழிவுத்தாளில் முதலில் உறுப்புகளை எல்லாம் எழுதுங்கள். எதையும் இடம் மாற்றாத சமனி உறுப்பு 1. இரண்டு இரண்டாக இடம் மாற்றுபவை 3. மூன்று பொருள்களைச் சுற்றவிடுபவை, அதாவது மூன்று நீளச் சுழல்கள், 8. மொத்தம் 12. இதை எழுதாமலே பலர் தேற்றங்களைத் தேடிப் போகிறார்கள். இந்தக் கணக்கின் சாவி அந்த 8-இல்தான் இருக்கிறது.

அடுத்து, இல்லை என்று காட்ட வேண்டியதை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச் என்று 6 உறுப்பு உட்குலம் ஒன்று இருக்கட்டும். 12-இல் 6 என்றால் சரிபாதி. பாதியாக இருப்பதால் என்ன கிடைக்கும்? எச்-ஐக் குலத்தின் ஓர் உறுப்பால் இடப்புறம் பெருக்கினால் கிடைக்கும் கணம் கோசெட். எச்-க்கு இரண்டே கோசெட்: எச் ஒன்று, மீதி ஒன்று. மூன்றாவதற்கு இடமில்லை. இந்த இறுக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். குலத்தில் ஜி என்று ஏதோ ஓர் உறுப்பை எடுங்கள். அது எச்-க்குள் இருந்தால் அதன் வர்க்கமும் உள்ளேதான். வெளியே இருந்தால்? வர்க்கமும் வெளியே இருக்கிறது என்று வைத்துப் பாருங்கள். இருப்பது ஒரே வெளிக் கோசெட் என்பதால், ஜி-யின் கோசெட்டும் ஜி-வர்க்கத்தின் கோசெட்டும் ஒன்றாகிவிடும். இரு பக்கமும் இடப்புறத்திலிருந்து ஒரு ஜி-யை நீக்கினால் எச்-உம் ஜி-யின் கோசெட்டும் ஒன்று என்று வரும். ஜி வெளியே இருக்கிறது என்றோமே, முரண்பாடு. ஆக, எந்த உறுப்பின் வர்க்கமும் எச்-க்குள் வந்தாக வேண்டும்.

இப்போது எழுதி வைத்த பட்டியலைத் திரும்பப் பாருங்கள். மூன்று நீளச் சுழலை மூன்று முறை செய்தால் சமனி. ஆகவே நான்கு முறை செய்தால் அதே சுழல் திரும்ப வரும். நான்கு முறை என்பது வர்க்கத்தின் வர்க்கம். அதாவது ஒவ்வொரு மூன்று நீளச் சுழலும் ஏதோ ஒன்றின் வர்க்கம். எட்டும் எச்-க்குள் வர வேண்டும். எச்-இல் இருப்பதோ ஆறே இடம். முடிந்தது.

நல்ல தாளில் எழுதும்போது இது ஐந்து வரி. அதில் பட்டியல் போட்டது, பாதி என்ற இறுக்கத்தைக் கவனித்தது, வர்க்கத்தை முயன்று பார்த்தது எதுவும் தெரியாது. எந்தக் கணக்குக்கும் கழிவுத்தாளில் எழுத வேண்டியவை: கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் முழு வரையறை, கையால் போடக்கூடிய இரண்டு மூன்று சிறிய எடுத்துக்காட்டுகள், முடிவு பொய் என்று வைத்தால் கைக்கு என்ன கிடைக்கிறது என்பது. இவ்வளவும் எழுதிய பிறகும் வழி தெரியாவிட்டால்தான் தேற்றப் பட்டியலைப் புரட்ட வேண்டும்.

கேள்வி: ஒரு கணக்கில் எவ்வளவு நேரம் திணறலாம்? உடனே விடையைப் பார்ப்பது தப்பா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: உடனே பார்ப்பது தப்புதான். மூன்று நாள் அதையே முறைத்துக்கொண்டிருப்பதும் வீண். முதலில் 40 நிமிடம் முயலுங்கள். நகரவில்லை என்றால், “இதுவரை இன்னதை முயன்றேன், இந்த வரியில் நின்றது” என்று இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போங்கள். மறுநாள் இன்னொரு 40 நிமிடம். அப்போதும் வரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரி போதும். முழு விடையையும் படிக்க நேர்ந்தால், எந்த எண்ணம் உங்களுக்குத் தோன்றாமல் போனது என்று குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வெறும் தாளில் திரும்ப எழுதிப் பாருங்கள். நின்ற இடத்தை எழுதி வைக்கும் அந்த இரண்டு வாக்கியத்தைத் தவிர்க்காதீர்கள். ஆசிரியரிடம் போகும்போது “சார், இந்தக் கணக்கு வரலை” என்று சொல்வதற்கும், நின்ற வரியைக் காட்டிக் கேட்பதற்கும் கிடைக்கும் பதிலே வேறு.

வாரம் 40 கணக்கை அரைகுறையாகப் போடுவதைவிட, கடினமான ஐந்தை முழு வாக்கியங்களில் எழுதி முடிப்பது மேல்.

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தேன். கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். கணக்கு புரிகிறது, எழுத்தில்தான் தடுமாறுகிறேன்.
– மாணவி, விருத்தாசலம்

பதில்: கழிவுத்தாளில் தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே எழுதுங்கள். அதில் இழப்பு எதுவும் இல்லை. தமிழில் நேராக எழுத முடிந்த நிறுவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது சில வாரப் பயிற்சி. கணித நிறுவலில் வரும் ஆங்கில வாக்கிய அமைப்புகள் மிஞ்சிப்போனால் ஐம்பது இருக்கும். நல்ல பாடநூல் ஒன்றின் முதல் இரண்டு அத்தியாயங்களிலிருந்து அவற்றை ஒரு நோட்டில் எடுத்தெழுதி, ஒவ்வொன்றையும் எப்போது எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் தமிழில் குறியுங்கள். “ஏதேனும் ஒன்றை எடுப்போம்” என்று சொல்லும் இடமும், “நமக்கு வேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்” என்று சொல்லும் இடமும் நிறுவலில் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டு, தானே குழம்புகிறவர்கள் உண்டு. தொடர்ச்சியின் வரையறையில் எப்சிலான் எதிராளி கொடுப்பது, டெல்டா நீங்கள் தேர்ந்தெடுப்பது. இதைத் தமிழில் தெளிவாக்கிக்கொண்டால் ஆங்கில வாக்கியம் தானே நிமிரும்.

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பொறியியல் வேண்டாம், கணிதம்தான் படிப்பேன் என்கிறாள். உறவினர்கள் எல்லோரும் “பி.எஸ்சி. மேத்ஸ் படிச்சு என்ன செய்யப் போற” என்கிறார்கள். எங்கே சேர்ப்பது? பிழைப்புக்கு வழி உண்டா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உண்டு அம்மா. எங்கே, எப்படிப் படிக்கிறாள் என்பதைப் பொறுத்து வழி அகலும், குறுகும்.

சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில், சி.எம்.ஐ. என்பார்கள், கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் 1998 முதல் நடக்கிறது. நிறுவனத்தை உருவாக்கியவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி. அவரும், வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீனிடம் படித்து, 1953-இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். 1965-இல் அவர்கள் இருவரும் நிறுவிய நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தை இன்றும் உலகெங்கும் வடிவக்கணித ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். உறவினர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத். இன்னொன்று. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர், நைசர் ஆகியவற்றில் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்து கணிதத்தை எடுத்துக்கொள்ளலாம். சி.எம்.ஐ., புள்ளியியல் நிறுவனம் இரண்டின் நுழைவுத் தேர்விலும் விடையை நிறுவிக் காட்ட வேண்டிய பகுதி உண்டு. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகிய பிள்ளைகள் அங்கேதான் சறுக்குகிறார்கள். ஆகவே பிளஸ் டூ காலத்திலேயே வாரம் இரண்டு மூன்று கணக்குகளுக்கு முழு நிறுவல் எழுதிப் பழகட்டும். எண் கோட்பாடும் சேர்வியலும் (காம்பினேட்டரிக்ஸ்) தொடங்க ஏற்றவை.

இவற்றில் இடம் கிடைக்காவிட்டால் ஒன்றும் முடிந்துவிடவில்லை. அருகிலுள்ள நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்துவிட்டு, கோடை விடுமுறையில் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி, திறன் தேடல் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 1993-இல் கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கியது. நான்கு வாரம், விரிவுரை கேட்டுக்கொண்டு உட்கார விடாமல் மாணவர்களையே கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைக்கும் முறை. சாதாரணக் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள கோடை விடுமுறை இல்லை. அதன் பிறகு எம்.எஸ்சி.க்கு ஜாம் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி., அல்லது வேறு நுழைவுத் தேர்வு எழுதி சி.எம்.ஐ., சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் உயர் கணித நிறுவனம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆராய்ச்சிக்கு.

பணத்தைப் பொறுத்தவரை, அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் தேசிய உயர் கணித வாரியம், என்.பி.எச்.எம்., எம்.எஸ்சி.க்கும் ஆராய்ச்சிக்கும் உதவித்தொகை தருகிறது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆராய்ச்சியும் கல்லூரி ஆசிரியப் பணியும் தவிர, குறியாக்கவியல், நிதி நிறுவனங்கள், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் வேலை உண்டு. அவற்றுக்குக் கூடவே நிரலாக்கமும் நிகழ்தகவும் தெரிந்திருக்க வேண்டும். வெறும் பட்டத்தை நம்பிப் போனால் கதவு திறக்காது. ஆராய்ச்சி வழியில் நிரந்தரப் பணி கிடைக்க முப்பது வயதைத் தாண்டலாம் என்பதையும் இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எழுதிய நிறுவல் சரியா என்று எனக்கே எப்படித் தெரியும்? எங்கள் கல்லூரியில் திருத்திக் கொடுக்க ஆளில்லை.
– மாணவர், தேனி

பதில்: தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே சில இடங்களில்தான் நடக்கின்றன. அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு தேடினால் பெரும்பாலானவற்றை நீங்களே பிடித்துவிடலாம்.

முதலாவது, “ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு” என்பதும் “எல்லாவற்றுக்கும் ஒரே ஒன்று உண்டு” என்பதும் இடம் மாறிப்போவது. 0-க்கும் 1-க்கும் இடையே, 1-ஐச் சேர்க்காமல், எக்ஸின் அடுக்குகளைப் பாருங்கள். எந்த எக்ஸை எடுத்தாலும் அடுக்கு ஏற ஏற மதிப்பு 0-ஐ நோக்கிப் போகும். 0.01-க்குக் கீழே வர எத்தனையாவது அடுக்கு வேண்டும்? எக்ஸ் 0.9 என்றால் 44. 0.99 என்றால் 459. 0.999 என்றால் 4603. ஒவ்வொரு எக்ஸுக்கும் ஓர் அடுக்கு உண்டு. எல்லா எக்ஸுக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. சாதாரண ஒருங்கலும் சீரான ஒருங்கலும் பிரிவது இந்த இடத்தில்தான். உங்கள் நிறுவலில் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும், அது எதையெதைச் சார்ந்திருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகு தேர்ந்தெடுத்த ஒன்றை அது சார்ந்திருந்தால் நிறுவல் உடைந்திருக்கிறது.

இரண்டாவது, நிறுவ வேண்டியதிலிருந்து தொடங்கி, சரியான ஒன்றில் போய் முடித்துவிட்டு “நிறுவப்பட்டது” என்று எழுதுவது. −1 = 1 என்று தொடங்கி இருபுறமும் வர்க்கம் எடுத்தால் 1 = 1 வரும். அதனால் தொடக்கம் உண்மையாகிவிடுமா? கழிவுத்தாளில் பின்னோக்கிப் போகலாம். நல்ல தாளில் கீழிருந்து மேலே திருப்பி எழுத வேண்டும், ஒவ்வொரு படியும் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இல்லாத பொருளை இருப்பதாக எடுத்துக்கொள்வது. சமச்சீரும் கடப்பும் உள்ள தொடர்பு தானாகவே தற்சுட்டாகவும், அதாவது ஒவ்வொன்றும் தன்னோடே தொடர்புடையதாகவும், இருக்கும் என்று ஒரு பழைய நிறுவல் உண்டு: அ-வுக்கு ஆ-வோடு தொடர்பு, ஆகவே ஆ-வுக்கு அ-வோடு தொடர்பு, ஆகவே அ-வுக்கு அ-வோடு தொடர்பு. படிக்கச் சரியாகவே இருக்கும். அ-வுக்கு யாரோடும் தொடர்பே இல்லை என்றால் அந்த ஆ எங்கிருந்து வந்தது? வெற்றுக்கணம், பூஜ்யம், ஒரே உறுப்புள்ள குலம், மாறிலிச் சார்பு ஆகியவற்றை உங்கள் நிறுவலில் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

இவை முடிந்ததும், தேற்றத்தின் நிபந்தனைகளில் எதையாவது பயன்படுத்தாமலே முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். பயன்படுத்தவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை பிழை இருக்கிறது. மீதி ஒரு முறை, கேட்டதைவிட வலுவான ஒன்றை நிறுவியிருக்கிறீர்கள். “தெளிவாக”, “எளிதில் காணலாம்” என்று எழுதிய இடங்களை எல்லாம் வட்டமிட்டு, அங்கே முழுக் காரணத்தை எழுதிப் பாருங்கள். பிழைகள் ஒளிவது அங்கேதான். கூடப் படிக்கும் ஒருவரோடு வாரம் ஒரு நிறுவலை மாற்றித் திருத்திக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நிறுவலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாமா?
– மாணவி, கரூர்

பதில்: உங்கள் முயற்சி தாளில் இருந்தால் மட்டும். நீங்கள் எழுதியதைக் கொடுத்து “எந்த வரி தவறு” என்று கேட்பது பயன்படும். ஆனால் அது சொல்லும் பிழையும் பிழைதானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறான வரியையும் அது அதே தன்னம்பிக்கையோடு எழுதும். முழு நிறுவலைக் கேட்டு வாங்குவது, விடையை முதலிலேயே படிப்பதுதான்.

கேள்வி: ஜாம் தேர்வுக்கு நிறுவல் கேட்பதில்லையே. பயிற்சி மையத்தில் குறுக்குவழிகள் சொல்லித் தருகிறார்கள். அது போதாதா?
– மாணவர், ஈரோடு

பதில்: ஜாமில் 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 10 கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். சரியானவை அனைத்தையும் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண். 20 கேள்விகளுக்கு விடையாக எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும், தேர்ந்தெடுக்க எதுவும் கொடுக்க மாட்டார்கள். குறுக்குவழி தடுக்கி விழும் இடங்கள் இவை. “கீழ்க்கண்டவற்றில் எவை உண்மை” என்ற கேள்விக்கு எதிர் எடுத்துக்காட்டுகள் கைவசம் இருப்பவரே வேகமாக விடை எழுதுவார். முதல் பதிலில் சொன்னபடி நிபந்தனைகளைப் பிடுங்கிப் பார்த்தவரிடம் அந்தச் சேமிப்பு தானாக இருக்கும். கடைசி மூன்று மாதம் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

கேள்வி: எம்.எஸ்சி. இறுதி ஆண்டில் புராஜெக்ட். புத்தகத்தில் இரண்டு அத்தியாயத்தைத் தொகுத்து எழுதிவிடு என்கிறார்கள் சீனியர்கள். கணிதத்தில் ஆராய்ச்சி என்றால் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?
– மாணவி, சிதம்பரம்

பதில்: சிதம்பரத்திலிருந்து கேட்பதால் அங்கேயே நடந்த ஒன்றைச் சொல்லலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றியவர் எஸ்.எஸ். பிள்ளை. எண்களை ஒரே அடுக்குகளின் கூட்டலாக எழுதுவது பற்றிய வாரிங் கணக்கில் உலகப் புகழ் பெற்றவர். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940-இல் நிறுவினார். 1950-இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு கேள்வி பள்ளி மாணவருக்கும் புரியும். அடுத்தடுத்து வரும் சில முழு எண்களை எடுத்தால், மற்ற எதனோடும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணியே இல்லாத ஓர் எண் அவற்றில் இருக்குமா?

கையால் போட்டுப் பாருங்கள். ஐந்து எண்கள் என்றால்? இரண்டு எண்களுக்குப் பொதுவான பகாக்காரணி அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். வித்தியாசம் 4-ஐத் தாண்டாது. ஆகவே 2, 3 இரண்டும்தான் தொல்லை தர முடியும். ஐந்தில் குறைந்தது இரண்டு ஒற்றை எண்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஒற்றை எண்களின் வித்தியாசம் 2, ஆகவே இரண்டும் 3-இன் மடங்காக இருக்க முடியாது. 3-இன் மடங்கல்லாத ஒற்றை எண்ணை எடுங்கள், வேலை முடிந்தது. ஆறு எண்களுக்குப் போனால் 5-உம் தொல்லை தரும், ஆனால் முதல் எண்ணும் கடைசி எண்ணும் 5-இன் மடங்காக இருந்தால் மட்டும். அந்த இரண்டில் ஒன்றுதான் ஒற்றை. மூன்று ஒற்றை எண்களில் 3-க்கு ஒன்று, 5-க்கு ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும்.

இப்படியே எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு போனால் எங்கே உடையும்? 16 எண்கள் வரை எப்போதும் அப்படி ஓர் எண் இருக்கும் என்று பிள்ளை நிறுவினார். 17-இல் உடைகிறது. 2184 முதல் 2200 வரை பாருங்கள். இரட்டை எண்கள் தாமாகவே விழுந்துவிடும். ஒற்றை எண்களில் 2187, 2193, 2199 மூன்றும் 3-இன் மடங்கு. 2185, 2195 இரண்டும் 5-இன் மடங்கு. 2191 = 7 × 313; 2184-உம் 7-இன் மடங்கு. 2189 = 11 × 199; 2200-உம் 11-இன் மடங்கு. 2197 என்பது 13-இன் கனம். 2184-உம் 13-இன் மடங்கு. தப்பித்தது ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சியின் அன்றாட வேலை ஏறக்குறைய இதுதான். சிறிய நேர்வுகளைப் போடுவது, எது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது, அந்தத் தடை எவ்வளவு தூரம் தாங்கும் என்று தள்ளிப் பார்ப்பது, உடையும் இடத்தில் எதிர் எடுத்துக்காட்டு தேடுவது. உங்கள் புராஜெக்டை இப்படி அமையுங்கள். பொதுத் தேற்றம் ஒன்றைப் பற்றிய 10, 15 பக்கக் கட்டுரை ஒன்றை வழிகாட்டியோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அதில் “எளிதில் காணலாம்” என்று விட்ட ஒவ்வோர் இடத்தையும் நிரப்புங்கள். கட்டுரையில் இல்லாத மூன்று எடுத்துக்காட்டுகளைக் கணக்கிடுங்கள். பிறகு ஒரு நிபந்தனையை மாற்றி என்ன ஆகிறது என்று ஒரு பகுதி எழுதுங்கள். புதிய தேற்றம் வராவிட்டாலும் அது உங்கள் வேலை. கட்டுரைகளைத் தேட ஆர்க்கைவ் தளம் இலவசம். 2021 முதல் இசட்பிமேத் தரவுத்தளமும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒரு கட்டுரையை அதற்குப் பிறகு யார் யார் எடுத்தாண்டார்கள் என்று அதில் பார்த்தால், நீங்கள் யோசிக்கும் கேள்விக்கு ஏற்கெனவே விடை வந்துவிட்டதா என்பது தெரியும். இதை முதல் மாதமே செய்யுங்கள். கணிதம் தட்டச்சு செய்ய உதவும் லேட்டெக்கையும் அப்போதே பழகிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கற்றுக்கொண்டு 40 பக்கம் தட்டச்சு செய்ய முடியாது.

கேள்வி: கொலாட்ஸ் கணக்குக்கு மூன்று பக்கத்தில் நிறுவல் கண்டுபிடித்திருக்கிறேன். யாருக்கு அனுப்புவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கணக்கு தெரியாதவர்களுக்காக: ஓர் எண் இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. திரும்பத் திரும்பச் செய்தால் எப்போதும் 1-இல் வந்து நிற்குமா? இன்னும் யாரும் நிறுவவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் நிறுவலில் “ஒன்றைக் கூட்டு” என்ற இடத்திலெல்லாம் “ஒன்றைக் கழி” என்று மாற்றி எழுதுங்கள். மாற்றிய விதியில் 5-இல் தொடங்கினால் 14, 7, 20, 10, மறுபடியும் 5. இது 1-க்கு ஒருபோதும் வராது. ஆகவே மாற்றி எழுதிய நிறுவல் எங்காவது கட்டாயம் உடைய வேண்டும். உடைகிற வரியைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். உடையாமல் கடைசி வரை ஓடினால், மூல நிறுவலிலும் பிழை இருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப் பிடியுங்கள். உடையும் வரி கிடைத்தால், அந்த வரியை மட்டும் ஒரு பக்கத்தில் விரிவாக எழுதி, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் எண் கோட்பாடு நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்று பக்கத்தையும் படிக்க நேரமில்லாதவர்கூட அந்த ஒரு பக்கத்தைப் படிப்பார்.